மூன்று பைசாவும் சேக்குட்டியும்

2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, வெளியூர்களிலுள்ள நம் சங்கத்து அன்பர்கள் பலர் அடியேனுக்குப் போன் செய்து நலம் விசாரித்தார்கள். கலூரில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. அவர்களிடம் அப்போது சொல்லாத ஒரு விஷயத்தை, கொஞ்சம் சரித்திரத்தோடு இங்கே எழுதுகிறேன்.

இங்குள்ள பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதில் வெள்ளம்’ என்று சொல்வது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலையில் வந்தது. அதே சமயம் காவிரியும் கரை புரண்டது. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் தாத்தா வாயால் கேட்டிருப்பார்கள். காந்திஜி ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ பத்திரிகைகளில் மலபாருக்காக வேண்டுகோள் விடுத்தார். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு சிறுமி மூன்று பைசாவைத் திருடிக் கொண்டுவந்து கொடுத்ததையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அன்றைய தொழில்நுட்பம் அச்சு இயந்திரம்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எர்ணாகுளத்தில் ‘அன்போடு கொச்சி’ என்ற தொண்டர் குழு உருவாயிற்று. அப்போதைய கலெக்டர் எம்.ஜி.ராஜமாணிக்கம் தமிழர். இளைஞர்கள் ஃபேஸ்புக் வழியாகக் கூப்பிட, சாமான்கள் குவிந்து லாரிகளில் சென்னை சென்றன. மூன்றே வருஷத்தில் அதே குழு கடவந்திரா விளையாட்டு மையத்தில் நம் ஊருக்காகவே மூட்டை கட்ட வேண்டி வந்தது. அங்கே தேவைப் பட்டியல் ஒன்று உண்டு. பழைய ஜரிகைப் புடவைகளை எடுத்து வைத்த என்னிடம் என் மனைவி, “ஏன்னா, முகாம்ல இருக்கறவா இதைக் கட்டிண்டு என்ன பண்ணுவா? பாயும் புது லுங்கியும் வாங்கிண்டு போங்கோ” என்றாள். பட்டியலும் அதையேதான் சொல்லிற்று.

அந்த நாட்களில் மாநில ஐ.டி. மிஷனும் ஐ.இ.இ.இ. அமைப்பின் தொண்டர்களும் சேர்ந்து ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற இணையதளத்தை அவசரமாக உருவாக்கினார்கள். சிக்கியிருப்பவரின் இடம், போன் நம்பர், எத்தனை பேர் என்பதை அதில் பதியலாம். அதன் நிரலைப் பொதுவில் வைத்ததால் எங்கெங்கோ இருந்த கம்ப்யூட்டர் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள்.

இங்கேதான் என் தவறு. ஆலுவா அருகே மாடியில் ஒரு வயோதிகத் தம்பதி தவிப்பதாக வாட்ஸப்பில் வந்தது. பதறிப்போய் ஐந்து குழுக்களுக்கு அனுப்பினேன். பேரனை விட்டு இணையதளத்திலும் பதிந்தேன். மறுநாள் ஒரு தொண்டர் பெண் கூப்பிட்டு, அவர்களை முந்தாநாளே மீட்டாகிவிட்டது, இந்தத் தகவலால் ஒரு படகு வீணாக இரண்டாம் தடவை போய்வந்தது என்று மரியாதையாகவே சொன்னாள். அந்தச் செய்தியில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. தேதியில்லாத காகிதத்தைக் கீழ் ஊழியரிடம் திருப்பியனுப்பியே காலம் கழித்தவன் நான்! பௌதிகம் படித்தவனுக்கு சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமலா போயிற்று? கடலோர மீனவர்கள் சொந்தப் படகுகளோடு வந்து சுமார் 65,000 பேரைக் காப்பாற்றிய நேரம் அது. அப்படிப்பட்ட படகின் ஒரு நடையை நான் வீணாக்கினேன். அந்த நேரத்தில் வேறெந்த மாடியில் யார் காத்திருந்தார்களோ.

பணம் அனுப்புவதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். 2020இல் பிரதமரின் ‘பி.எம். கேர்ஸ்’ நிதிக்கு அறிவித்த யு.பி.ஐ. முகவரியில் ஒரே ஒரு எழுத்தை விட்டுவிட்டு மோசடிக்காரர்கள் போலி முகவரி தயாரித்தார்கள்.

சந்தோஷமான கணக்கு ஒன்றும் உண்டு. சேந்தமங்கலம் கைத்தறி நெசவாளர்களின் ஓணச் சரக்கு முழுவதும் சேற்றில் ஊறிப்போனது. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தத் துணியைச் சுத்தம் செய்து, ‘சேக்குட்டி’ என்ற சின்னஞ்சிறு பொம்மைகளாக்கும் யோசனையைச் சொன்னார்கள். சேற்றிலிருந்து பிறந்த குட்டி! தொண்டர்கள் கூடிச் செய்ய, இணையம் வழியாக விற்பனை நடந்தது. ஒரு புடவையில் 360 பொம்மை, ஒன்று 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய். புதுப் புடவையாக விற்றிருந்தால் அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது. பணம் நெசவாளர்களுக்கே போயிற்று.

பெங்களூரிலுள்ள என் பேத்தி இரண்டு வரவழைத்தாள். ஒன்று எங்கள் வாசல் சாவிக்கொத்தில் தொங்குகிறது. கழுவியும் போகாத கறை அதன் பாவாடை ஓரத்தில் லேசாகத் தெரிகிறது.