பிரெஞ்சுக்காரர் மேல் போட்ட பழி

நடிகர்களின் ஓய்வறையாகத் தமிழருக்கு அறிமுகமான கேரவன் இப்போது சுற்றுலா வண்டியாகவும் மாறிவருகிறது. கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய வீடொன்றை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே வயரை இழுத்து ப்ளக்கில் சொருகியவர், ஈரத்தரையில் நின்று வண்டியின் கைப்பிடியைத் தொட்டதும் ஷாக் அடித்தால் உடனே கிடைக்கும் விளக்கம்: ‘வெள்ளைக்காரன் காலத்து வயரிங், எர்த் இருக்காது.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை.

விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. வீட்டின் எல்லா அறைகளுக்கும் எர்த் வேண்டும் என்ற விதி பிரான்சிலேயே 1991இல்தான் வந்தது. அதுவரை குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு மட்டும் அது போதும் என்று நினைத்தார்கள். புதுச்சேரியோ 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. எனவே பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன வீடுகளில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் இருந்திருக்காது. ஆனால் அந்தக் காலத்து வயர் ரப்பரும் துணியும் சுற்றியது. கடற்காற்றில் எழுபது ஆண்டு தாங்கும் சரக்கல்ல. இன்று கேரவன்காரர் சொருகும் ப்ளக்கும் பிரெஞ்சு ப்ளக் அல்ல. 1934இல் பிரிட்டன் வகுத்த தரத்தின் வழிவந்த, உருண்டைக் கால் மூன்று கொண்டது. எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளம். முதலில் தொட்டு, கடைசியில் விலகட்டும் என்பதற்காக. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளோ, மின்சாரம் தருபவரே வீட்டுக்கு எர்த் முனை அமைத்துத் தர வேண்டும் என்றன. நடைமுறையில் வீட்டுக்காரரே குழி தோண்டிக்கொண்டார், அல்லது தோண்டாமல் விட்டார். மின்சாரக் காலத்தில் பிரெஞ்சுக் கொடி பறக்காத கடலூரிலும் நிலைமை வேறல்ல. விதியும் ப்ளக்கும் இந்திய ஆட்சியில் வந்தவை. அவற்றோடு வந்திருக்க வேண்டிய கம்பி வராமல் போனதற்கும் நாம்தான் பொறுப்பு.

எர்த் இல்லாத இரும்பு என்ன செய்யும் என்று முதலில் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பது வேடிக்கை. 1752 மே 10 அன்று, புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னராக இருந்தபோது, பாரிஸுக்கு அருகே மார்லி என்ற ஊரில் ஓர் உயரமான இரும்புக் கம்பியை மண்ணில் படாதபடி மது பாட்டில்கள் மேல் நிறுத்தினார்கள். இடிமேகம் வந்ததும், காவலுக்கு இருந்த பழைய சிப்பாய் ஒருவர் அதிலிருந்து பொறி பறக்கவைத்தார். அவர் பிழைத்தார். அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதேபோன்ற சோதனையில் ரிக்மன் என்ற விஞ்ஞானி உயிரிழந்தார். ரப்பர் சக்கரங்கள் மேல் நிற்கும் கேரவனும் அந்தப் பாட்டில் மேல் நின்ற கம்பிதான். ஏசியிலோ ஹீட்டரிலோ கசியும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் பாடி முழுவதும் பரவி நிற்கும். தரையில் நின்று தொடுபவர் வழியாக இறங்கும்.

குழி தோண்டி எர்த் கொடுத்த வீட்டிலும் ஷாக் அடிக்கிறதே, பழைய வயரிங்தானே காரணம் என்று கேட்கலாம். இது கணக்கைப் பார்க்க வேண்டிய கேள்வி. குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கம்பி பாடியில் பட்டால் 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் ட்ரிப்பர் இதைக் கண்டுகொள்ளாது. பாடியில் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் நிற்கும். வயர் புதிதாக இருந்தாலும் இதே கதைதான். இதற்கு மருந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி. கடற்கரை மண் உப்பு ஈரம் உள்ளது, தடை குறைவு என்பது சரிதான். ஆனால் அதே உப்பு குழியில் இறக்கிய ஜிஐ பைப்பையும் அதில் முடுக்கிய போல்ட்டையும் அரிக்கிறது. குழியில் கரியோடு உப்பையும் அள்ளிப் போடும் வழக்கம் அதற்குத் துணைபோகிறது. போட்ட அன்று நன்றாக இருந்த குழி சில ஆண்டுகளில் பெயருக்கு மட்டும் எர்த்.

இதைவிடக் கேடானது ஒரு குறுக்குவழி: ப்ளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரியும், எர்த் சரி என்று தோன்றும். எங்கோ நியூட்ரல் அறுந்தால் கேரவன் பாடி முழுவதும் பேஸ் வந்து நிற்கும். எனவே லாம்ப் எரிவதை மட்டும் நம்பாதீர்கள். வண்டியை நிறுத்த இடம் கேட்கும்போதே எர்த் குழி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அளந்தார்கள், கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வயரைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.