இரட்டை இயங்குதளத் தொடக்கப் பழுதுநீக்கம்

ஒரே கணினியில் நிறுவிய இரு இயங்குதளங்களில் ஒன்றோ இரண்டுமோ தொடங்காதபோது, தொடக்க ஏற்றியைச் சீர்செய்யும் பணி. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸையும் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஒரே கருவியில் தந்து, இரட்டைத் தொடக்கத்தைப் பள்ளி மாணவர் கைக்கே கொண்டுவந்தது.

இப்பழுதுகளில் பெரும்பாலானவற்றில் தொலைவது இயங்குதளம் அன்று, அதற்கு வழிகாட்டும் பதிவே. பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பிரிவு அட்டவணை. விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த நிரல் மேலெழுதப்படும். லினக்ஸ் இருக்கும் பிரிவு வழக்கமாகத் தொடப்படாமல் அப்படியே கிடக்கும். பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறைக் கணினிகளில் தொடக்க வரிசை மாறியிருப்பதே பல நேரங்களில் முழுக் காரணம். எனவே பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, பழைய பிரிவை இணைத்து, லினக்ஸின் தொடக்க ஏற்றியான கிரப்பை மறுபடி பதித்தால் பெரும்பாலும் போதும். கிரப்பின் தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணாமற்போனால், கிரப் 2.06 முதல் பிற இயங்குதளத் தேடல் இயல்பாக முடக்கப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்து நிறுவுவதே விரைவு என்பர். காப்பு நகல் உள்ளவருக்கு அது பொருந்தும்; இல்லாதவருக்குக் கோப்புகளே பறிபோகும். தவிர, 2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று செக்யூர் பூட் என்னும் தொடக்கப் பாதுகாப்பின்கீழ் லினக்ஸைத் தொடங்க உதவும் பழைய ஷிம் ஏற்றிகளைத் தடைசெய்தபோது, அதே பழைய ஏற்றியை மறுபடி நிறுவுவதில் பயனிருக்கவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, ஷிம்மைப் புதுப்பிப்பது ஒரு தீர்வாயிற்று.