உல்வொர்த் மலிவு இசைத்தட்டுகள்

பிரிட்டனில் உல்வொர்த் நிறுவனத்தின் முதல் கடை 1909-இல் லிவர்பூலில் திறக்கப்பட்டது. அங்கே எந்தப் பொருளின் விலையும் ஆறு பென்சைத் தாண்டக் கூடாது என்பது விதியாக இருந்தது. வழக்கமான பத்து அங்குல இசைத்தட்டை அந்த விலைக்குக் கொடுக்க முடியாததால் தட்டின் அளவையே சுருக்கினார்கள். 1928-இல் கிறிஸ்டலேட் நிறுவனம் தயாரித்த ‘விக்டரி’ தட்டு ஏழு அங்குலம்தான். 1931-இல் வந்த ‘எக்லிப்ஸ்’ எட்டு அங்குலம். 1935-இல் வந்த ‘கிரவுன்’ ஒன்பது அங்குலம். விலை மட்டும் அதே ஆறு பென்ஸ். கிறிஸ்டலேட்டின் இசைத்தட்டுத் தொழில் 1937-இல் டெக்கா நிறுவனத்தின் கைக்குப் போனதும் கிரவுன் நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆறு பென்ஸ் வரம்பு இருக்கவில்லை. மலிவுக்கு வேறு வழி தேடினர். 1954-இல் ஓரியோல் நிறுவனத்துடன் சேர்ந்து ‘எம்பஸி’ தட்டுகளைக் கொண்டுவந்தனர். அப்போது பிரபலமாக இருந்த பாடல்களை, பெரும்பாலும் புனைபெயரில் பாடிய வேறு பாடகர்களைக் கொண்டு அவசரமாகப் பதிவு செய்து, பக்கத்துக்கு ஒன்றாக வெளியிட்டனர். அசல் குரல் கிடைக்காது. ஆனால் ஒரு அசல் தட்டின் விலையைவிடக் குறைவாக இரண்டு வெற்றிப் பாடல்கள் கிடைத்தன. பாடகருக்காக அல்லாமல் பாட்டுக்காக வாங்கியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1964-இல் ஓரியோலை அமெரிக்காவின் சிபிஎஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு எம்பஸி நிறுத்தப்பட்டது.