துணி டயபர்களுக்கும் வீட்டுத் துணிகளுக்கும் ஏற்ற சலவைத்தூள்: கோவை வட்டாரக் குடும்பங்களுக்கான விளக்கம்

கைக்குழந்தையின் துணி டயபர்களையும், படுக்கையிலேயே இருக்கும் முதியவரின் விரிப்புகளையும் துவைப்பதற்கு விலை உயர்ந்த தனிச் சலவைத்தூள் தேவையா என்று பராமரிப்பாளர்கள் பலர் கேட்கின்றனர். பெரும்பாலான வீடுகளில் தேவையில்லை. வீட்டுத் துணிகளுக்குப் பயன்படுத்தும் சாதாரணச் சலவைத்தூளே போதுமானது. ஆனால் அதனை எவ்வளவு போடுவது, எத்தனை முறை அலசுவது என்பவற்றை உங்கள் வீட்டிற்கு வரும் தண்ணீரே தீர்மானிக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஒரே தெருவிலேயே இருவகைத் தண்ணீர் வருவதால், பக்கத்து வீட்டாருக்குப் பொருந்தும் அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதலில் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

சிறுவாணி அணையிலிருந்து கோவை நகரின் ஒரு பகுதிக்கு வரும் நீர் மலைக்காட்டு மழைநீர். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகக் குறைவு. ஆகவே அது மென்னீர். பில்லூர் அணையிலிருந்து வரும் பவானி ஆற்று நீரும் நிலத்தடி நீரைக் காட்டிலும் மென்மையானது. இதற்கு மாறாக, ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இதனையே மக்கள் உப்புத் தண்ணீர் என்றும் சப்பைத் தண்ணீர் என்றும் அழைக்கின்றனர். நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், குறிப்பாக ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பல ஆண்டுகள் ஆற்றில் கலந்த சாயக் கழிவுநீரால் நிலத்தடி நீரின் உப்புத்தன்மை மேலும் கூடியுள்ளது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500), நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. சலவைக்கு 200 என்பதே கடின நீர்தான். உங்கள் கிணற்று நீரின் அளவைத் துல்லியமாக அறிய விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனையும் உண்டு. நிறமற்ற பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சிறிது சுரண்டிப் போட்டு நன்கு குலுக்கவும். நுரை பொங்கி, கீழே நீர் ஏறத்தாழத் தெளிவாக நின்றால் அது மென்னீர். நுரை எழாமல் நீர் பால்போல் கலங்கி, மேலே தயிர்த் திப்பி போன்ற கசடு மிதந்தால் கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும், வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளைப் படிவு காணப்படுவதும் கடின நீரின் அடையாளமே.

சோப்பும் சலவைத்தூளும் ஒன்றல்ல

எண்ணெயிலிருந்து செய்யப்படும் சோப்பு, கடின நீரிலுள்ள உப்புகளுடன் சேர்ந்து கரையாத கசடாக மாறுகிறது. அந்தக் கசடு துணி இழைகளுக்குள் தங்கிவிடும். துணி விறைப்பாகும், சாம்பல் நிறம் ஏறும், ஈரத்தை உறிஞ்சாது. டயபர் துணிக்கு உறிஞ்சும் தன்மையே உயிர் என்பதால், உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்புக் கட்டியால் டயபர் துவைப்பது உகந்ததன்று. செயற்கைச் சலவைப் பொருள்களால் ஆன தூள் இவ்வாறு கசடாவதில்லை. எனினும் கடின நீரில் அதன் வலிமையும் குறையும்.

தூளை வாங்கும்போது உறையில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த தேதி, நிகர எடை, உட்பொருள் விவரம் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். வீட்டுச் சலவைத்தூளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 4955 ஆகும். அந்த எண்ணுடன் தரமுத்திரை பெற்ற தூள் கிடைத்தால் நல்லது. சந்தையிலும் தெருவோரத்திலும் கிலோ கணக்கில் நிறுத்துத் தரப்படும் உறையில்லாத தூளில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. சலவைச் சோடா மிகுதியாக இருந்தால் துணி வெளுக்கும், ஆனால் துவைப்பவரின் கைத்தோல் வெடிக்கும். குழந்தையின் தோலும் எரிச்சலடையும்.

குழந்தைகளுக்கென்று தனியாக விற்கப்படும் தூள்களிலும் திரவங்களிலும் பலவற்றின் கூடுதல் விலை பெரும்பாலும் வாசனைக்கும் உறைக்கும் உரியது. வாசனைப் பொருள்களோ தோல் ஒவ்வாமையின் பொதுவான காரணங்களுள் ஒன்று. ஆகவே, வாசனை குறைந்த, நடுத்தர விலையுள்ள சாதாரணத் தூளைத் தேர்ந்தெடுத்து வீடு முழுவதற்கும் அதனையே பயன்படுத்துவது சிக்கனமானது. குழந்தைக்குத் தேவைப்படுவது தனித் தூள் அன்று, கூடுதலாக இரண்டு அலசல். கரப்பான் எனப்படும் எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு, வாசனையும் நிறமும் சேர்க்காத தூளை வாங்கவும். நொதி கலந்த தூள்கள் மலக்கறையை நன்கு நீக்கும்; முழுமையாக அலசினால் அவற்றால் பொதுவாகத் தீங்கில்லை.

பூந்திக்கொட்டை பட்டுத் துணிக்கும் மெல்லிய துணிகளுக்கும் ஏற்றது. மலமும் மூத்திரமும் படிந்த துணியைச் சுத்தமாக்க அதன் ஆற்றல் போதாது.

விலையை எப்படி ஒப்பிடுவது

கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு வாளித் துணிக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, கிலோ 80 ரூபாய்த் தூள் ஒரு வாளிக்கு 100 கிராம் தேவைப்பட்டால் செலவு 8 ரூபாய். கிலோ 200 ரூபாய்த் தூள் 35 கிராமே போதுமெனில் செலவு 7 ரூபாய். அலசும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

சிறுவாணி நீர் வரும் வீட்டினர் பெரும்பாலும் தேவைக்கு மேல் தூள் போடுகின்றனர். மென்னீரில் சிறிதளவு தூளே மிகுந்த நுரை தரும். நுரை அழுக்கை நீக்குவதில்லை; அலசும் வேலையை மட்டும் கூட்டுகிறது. 15 லிட்டர் வாளியில் பத்துப் பன்னிரண்டு டயபர்களுக்கு ஒரு மேசைக்கரண்டித் தூளில் தொடங்கிப் பாருங்கள். நாற்றமோ கறையோ நின்றால் மட்டும் கூட்டவும்.

உப்புத் தண்ணீர் வீட்டில் தூளின் அளவை மேன்மேலும் கூட்டுவதைவிட, தண்ணீரை முதலில் பக்குவப்படுத்துவது மலிவானது. 15 லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, அதன்பின் தூளைப் போடவும். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் வேறு வேறு. மளிகைக் கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள். சலவைச் சோடா காரம் மிக்கது என்பதால் கையுறை அணிந்து கையாளவும். நல்ல தண்ணீர் வாரம் ஓரிரு முறையே வரும் வீடுகளில் அதனைத் துவைப்பதற்குச் செலவிடாமல், இறுதி அலசலுக்கென ஒரு வாளி ஒதுக்கி வையுங்கள். அந்த அலசல் நீரையே மறுநாள் அழுக்கு டயபர்களை முதலில் அலசப் பயன்படுத்தலாம்.

துவைக்கும் முறை

மலத்தைக் கழிப்பறையில் கொட்டவும். சிறு குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் எண்ணம் தவறு. அதிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் உண்டு. திறந்த சாக்கடையிலோ, பாத்திரம் கழுவும் இடத்திலோ டயபரை அலச வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு தூள் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைக்கவும். பருத்தித் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது நல்லது. நீர்புகா உறை உள்ள டயபர்களைக் கொதிக்க வைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. பிறகு குறைந்தது மூன்று முறை அலசவும்.

அலசியது போதுமா என்பதை அறிய அடுக்களை மஞ்சளே உதவும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் பட்டவுடன் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்திக்கொள்ளுங்கள். அலசிய டயபரைப் பிழிந்து வரும் நீரில் ஒரு சொட்டையும், குழாய் நீரில் ஒரு சொட்டையும் அதன்மேல் அருகருகே விடுங்கள். டயபர் நீர் மட்டும் சிவந்தால் காரம் இன்னும் துணியில் இருக்கிறது. மேலும் ஒரு முறை அலச வேண்டும்.

துணியை மென்மையாக்கும் திரவங்கள், கஞ்சி, நீலம் ஆகியவற்றை டயபருக்குப் பயன்படுத்த வேண்டாம். மென்மையாக்கிகள் இழைகளின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். நேரடி வெயிலில் காயவைப்பதே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ஈரம் முழுதும் உலராத துணியைக் கட்டினால் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். அந்நாள்களில் சாதாரணப் பருத்தித் துணியை இஸ்திரி போட்டு உலர்த்தவும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணிகளை டயபராகப் பயன்படுத்துவோர் வெள்ளைத் துணிகளைத் தேர்ந்தெடுக்கவும். சாயத் துணியெனில் சாயம் கழிவது நிற்கும் வரை துவைத்த பின்னரே குழந்தைக்குக் கட்டவும்.

வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும்போது மட்டும் பிளீச்சிங் பவுடர் தேவைப்படலாம். துணியைத் தூள் போட்டுத் துவைத்து அலசிய பிறகு, 10 லிட்டர் நீரில் சுமார் 15 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, மீண்டும் நன்கு அலசவும். மூத்திரம் நனைந்த துணியை நேரே அதில் போடக் கூடாது. மூச்சை அடைக்கும் வாயு வெளிப்படும். கழிப்பறை ஆசிட், எலுமிச்சைச் சாறு, வினிகர் எதனையும் அதனுடன் கலக்கக் கூடாது.

பழைய சேலையும் அந்துருண்டையும்

பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலையையும் வேட்டியையும் கிழித்துப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். பலமுறை துவைத்த துணி மென்மையாக இருக்கும். ஆனால் அத்துணி பெட்டியில் நாப்தலீன் அந்துருண்டையுடன் இருந்ததா என்று பாட்டியிடமோ மாமியாரிடமோ கேட்டறியுங்கள். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலில் சேரும் நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கலாம். இக்குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. ஆகவே அந்துருண்டை நெடி அடிக்கும் துணியைக் கைக்குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். வேறு துணி இல்லையெனில், பலமுறை துவைத்து, பல நாள் வெயிலில் காயவைத்து, நெடி அறவே நீங்கிய பின்னரே பயன்படுத்தவும். குடும்பத்தில் யாருக்கேனும் இக்குறைபாடு இருந்தால் அதுவும் வேண்டாம். குழந்தைத் துணிகளைப் பாதுகாக்க உலர்ந்த வேப்பிலை போதும்.

சிவந்த புண்ணுக்குச் சலவைத்தூள்தான் காரணமா

பெரும்பாலும் இல்லை. ஈரத் துணி நெடுநேரம் தோலில் இருப்பதே முதற்காரணம். தொடை மடிப்புகளை விட்டுவிட்டு, துணி அழுந்தும் மேடான இடங்கள் மட்டும் சிவந்திருந்தால் ஈரத்தால் வந்த எரிச்சலாக இருக்கலாம். மடிப்புகளுக்குள் அடர்சிவப்பும், சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தூளை மாற்றிய சில நாள்களுக்குள், டயபர் படும் இடம் மட்டுமின்றிச் சட்டை படும் கழுத்து, அக்குள் ஆகிய இடங்களிலும் தடிப்பு வந்தால்தான் தூளை முதலில் ஐயுற வேண்டும். துணியை உடனுக்குடன் மாற்றி, வெதுவெதுப்பான நீரால் துடைத்து, நாளில் சிறிது நேரம் துணியின்றி விடவும். துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவலாம். முதியவர்களுக்கும் இதே முறை பொருந்தும். அவர்களுக்கு இடுப்பு, புட்டப் பகுதிகளில் படுக்கைப் புண் தொடங்குகிறதா என்பதையும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்

மூன்று நாள்களில் சிவப்பு குறையாவிட்டாலும், கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலும், ஒரு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் புண் ஏற்பட்டாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாதல், வெளிறிப்போதல், சிறுநீர் அடர்நிறமாதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். துணியில் அந்துருண்டை இருந்திருந்தால் அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.

சலவைத் திரவத்தைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. குழந்தை சலவைத்தூளையோ சோடாவையோ பிளீச்சிங் பவுடரையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்பு நீர், புளிக் கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, 108 ஆம்புலன்சை அழைத்து, விழுங்கிய பொருளின் உறையையும் உடன் எடுத்துச் செல்லவும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகு மருத்துவமனைக்குச் செல்லவும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.