காருக்குக் குதிரை பூட்டிய மாநிலம்

1900 ஆகஸ்ட் 17 அன்று சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில் இருக்கும் கிராவ்புண்டன் மாநில அரசு ஓர் உத்தரவு போட்டது: மாநிலச் சாலைகள் எதிலும் மோட்டார் கார் ஓடக் கூடாது. எத்தனையோ ஊர்கள் அந்தக் காலத்தில் காரைத் திட்டின, வேகத்துக்கு வரம்பு வைத்தன, தெருவுக்குத் தெரு அபராதம் போட்டன. ஒரு மாநிலம் முழுவதற்கும் கதவை அடைத்து, அதை இருபத்தைந்து ஆண்டு திறக்காமல் வைத்திருந்த பிடிவாதம் கிராவ்புண்டனுக்கே உரியது.

பரப்பளவில் சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய மாநிலம் அது. ஜெர்மன், ரொமான்ஷ், இத்தாலியன் என்று மூன்று மொழி பேசும் மலைநாடு. தாவோஸும் செயின்ட் மோரிட்ஸும் அங்கேதான் இருக்கின்றன. பிப்ரவரி பள்ளி விடுமுறையில் ஜூரிக் குடும்பம் ஒன்று பனிச்சறுக்கப் புறப்படும்போது, காரில் போவதா ரயிலில் போவதா என்ற பேச்சு இன்றும் வீட்டில் எழும். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இன்னும் மிச்சமிருப்பதற்கு அந்தப் பழைய தடைக்கும் பங்குண்டு.

தடைக்கான காரணங்கள் எளியவை. கணவாய்ச் சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை வண்டிக்காகப் போடப்பட்டவை. குறுகலானவை, தார் காணாதவை. கார் ஒன்று போனால் புழுதி எழுந்து வழியோரப் புல்வெளியில் படியும். அந்தப் புல்தான் மாட்டுக்குத் தீவனம். குதிரைகள் மிரண்டால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். சாலையைப் பராமரிப்பது உள்ளூர்க்காரரின் காசு, காரில் பவனி வருவதோ வெளியூர்ப் பணக்காரர். தடை தெரியாமல் வந்துவிட்ட கார்க்காரர்களுக்கு ஒரு வழிதான் இருந்தது. எல்லையில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வாடகைக்குக் குதிரை பிடித்து முன்னால் பூட்டிக்கொள்ள வேண்டும். குதிரை இழுத்துப் போகும் காருக்குள் மேல்கோட்டும் கண்ணாடியுமாக அமர்ந்திருந்தவர்களைப் பார்ப்பது ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும்.

கார் வருவதற்கு வெகு முன்பே அங்கே குளிர்காலப் பயணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பற்றி செயின்ட் மோரிட்ஸில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை ஒன்று உண்டு. 1864 கோடையின் முடிவில் ஓட்டல்காரர் யோஹான்னஸ் பத்ருட், ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டினாராம்: குளிர்காலத்தில் வந்து பாருங்கள், இங்கே வெயில் அடிக்கும், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது. அவர்கள் வந்தார்கள், வசந்தம் வரை தங்கினார்கள் என்று கதை முடியும். ஓட்டல் விளம்பரத்துக்கென்றே செய்ததுபோல் கச்சிதமாக இருக்கிறது என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடே கேட்க வேண்டும். தாவோஸ் கதைக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற மருத்துவர் உயரமான இடத்தின் காற்று காசநோய்க்கு நல்லது என்று சொல்லிவந்தார். 1865 பிப்ரவரியில் முதல் குளிர்கால நோயாளிகள் அங்கே வந்தார்கள்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் விஷயம். மாநிலத் தலைநகர் கூர் வரை 1858லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் குதிரை இழுக்கும் பனிவண்டி. கம்பளிக்குள் சுருண்டு, காலடியில் சூடு வைத்துக்கொண்டு, கணவாய் ஏறி இறங்க வேண்டும். காசநோயாளியை அப்படி அழைத்துப் போவது எத்தகைய வேதனை என்பதை நேரில் அறிந்தவர் வில்லெம் யான் ஹோல்ஸ்பூர் என்ற டச்சுக்காரர். கப்பலிலும் வங்கியிலும் வேலை பார்த்தவர். நோயுற்ற இளம் மனைவியோடு தாவோஸ் வந்தார். மனைவி இறந்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. லாண்ட்குவார்ட்டிலிருந்து தாவோஸுக்கு ரயில் போடும் முயற்சியில் இறங்கினார். 1889இல் குளோஸ்டர்ஸ் வரையும், 1890இல் தாவோஸ் வரையும் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. ரேட்டியன் ரயில்வே என்று பின்னால் பெயர் பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

நிறுவனம் மீட்டர்கேஜைத் தேர்ந்தெடுத்தது. வளைவுகளைக் கூர்மையாக எடுக்கலாம், செலவும் குறையும். அதன் உச்சம் தூசிஸிலிருந்து எங்காடின் பள்ளத்தாக்குக்குப் போகும் ஆல்புலா பாதை. 65 மீட்டர் உயரத்தில் வளைந்து நேராகப் பாறைச் சுவருக்குள் நுழையும் லாண்ட்வாசர் பாலம் அதில்தான் இருக்கிறது. பெர்குன் கிராமத்துக்கும் பிரேடாவுக்கும் இடையே உயர வித்தியாசம் நானூறு மீட்டருக்கு மேல், தொலைவோ குறைவு. பல்சக்கரம் இல்லாமல் ஏறுவதற்காகப் பொறியாளர்கள் தண்டவாளத்தை மலைக்குள்ளேயே சுருள் சுருளாகச் சுற்றி 12 கிலோமீட்டருக்கு மேல் நீட்டினார்கள். பிரேடாவைத் தாண்டியதும் 5,865 மீட்டர் நீளமுள்ள ஆல்புலா சுரங்கப்பாதை. 1904இல் ரயில் செயின்ட் மோரிட்ஸ் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் கட்ட மாநிலம் தன் சக்திக்கு மீறிப் பணம் போட்டிருந்தது. கார்த் தடையைப் பற்றிப் பேசும்போது புழுதியையும் குதிரையையும் மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். ரயிலில் முதல் போட்டுவிட்டவன், பக்கத்திலேயே இலவசச் சாலையில் போட்டியாளனை எப்படி அனுமதிப்பான்?

ரயில் வந்ததும் குளிர்கால விடுமுறையின் முகம் மாறியது. நோயாளிகளோடு நோயில்லாதவர்களும் வந்தார்கள். தாவோஸில் மனைவியின் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஆர்தர் கோனன் டாயில் 1894 மார்ச்சில் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரின் துணையோடு பனிச்சறுக்கியே மலை தாண்டி ஆரோசா போனார்; அதை எழுதவும் செய்தார். கலே துறைமுகத்திலிருந்து எங்காடினை நோக்கித் தூங்கும் பெட்டிகளோடு எக்ஸ்பிரஸ் ரயில் ஓடியது. லண்டனில் பெட்டி படுக்கையைக் கட்டினால், கப்பலில் ஒரு துண்டு போக மற்றதெல்லாம் ரயில்தான். மேற்கே பெர்னீஸ் மலைகளில் ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர் பள்ளி, கல்லூரிக் குடும்பங்களுக்காக ஓட்டல்களை மொத்தமாகவே எடுத்து நடத்தினார். கோடையில் மட்டும் ஓடிய முர்ரன் மலை ரயிலை 1910–11 குளிர்காலத்திலும் ஓட்ட வைத்ததும் அவர்தான்.

பெர்னினா பாதையின் கதை இன்னும் சுவையானது. செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோவுக்கு 2,253 மீட்டர் உயரத்தைத் தாண்டிப் போகும் இந்த மின்சார ரயில் 1910இல் முழுப் பாதையிலும் ஓடத் தொடங்கியது. அந்த உயரத்தில் குளிர்காலம் முழுக்க ரயில் ஓட்டுவதற்கு, நீராவியில் தானாகவே நகர்ந்து, முன்னால் சுழலும் தகடுகளால் பனியை அள்ளி எறியும் எந்திரங்கள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்து கொடுத்தது விண்டர்தூர் நகரின் எஸ்.எல்.எம். எஞ்சின் ஆலை. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் நீலகிரி ரயிலைப் பல்சக்கரத்தில் தள்ளிப் போகும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பிறந்ததும் அதே ஆலையில்தான். நீலகிரியின் பல்தண்டவாள முறையும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரர் வகுத்தது; இரண்டு மலை ரயில்களும் மீட்டர்கேஜ். ஊட்டிக்கு வரும் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டபோது சலித்துக்கொண்டவர்கள், கிராவ்புண்டன் எல்லையில் குதிரை தேடியவர்களை நினைத்து ஆறுதல் அடையலாம்.

கிராவ்புண்டனில் அந்தச் சலிப்பு வாக்குச்சாவடி வரை போனது. 1907 தொடங்கி 1925 வரை பத்து முறை மக்களிடம் கேட்டார்கள். முதலில் கிடைத்தது முகத்தில் அடித்தாற்போன்ற மறுப்பு. பிறகு மெல்ல மெல்லத் தடையின் பிடி தளர்ந்தது. முதல் உலகப் போர் பயணிகளை விரட்டி ஓட்டல்களைக் காலியாக்கியிருந்தது. அமைதி திரும்பியதும் பணக்கார விருந்தினர்கள் சொந்தக் காரில் சுற்றத் தொடங்கினார்கள். கார் நுழைய முடிந்த அண்டை மாநிலங்களுக்கு அவர்கள் போய்விடுவதை ஓட்டல்காரர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காசநோயாளிக்குப் புழுதி ஆகாது என்று காரை எதிர்த்தவர்களும் ஊரில் இருந்தார்கள். 1925 ஜூன் 21 அன்று சுமார் ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் கார் ஜெயித்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கு அந்த மாநிலத்தில் வாக்குரிமை கிடைக்க 1972 வரை ஆனது. மூட்டை கட்டி, பிள்ளைகளுக்குக் கையுறை தேடி, சாப்பாடு பொதிந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

கார் வந்தவுடன் ரயில் சாயவில்லை. அதற்குள் முழுப் பாதையும் மின்மயமாகி, பனிக்காலத்தில் ஓடப் பழகியிருந்தது. 1928இல் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோதும் கூட்டத்தைச் சுமந்தது அதுவே. பனி மூடிய கணவாயில் அந்தக் காலத்துக் கார் செய்யக்கூடியது குறைவு. இருபத்தைந்து ஆண்டு அவகாசம் என்பது மலை ரயிலுக்கு அரசு கொடுத்த மறைமுக மானியம் என்றே சொல்ல வேண்டும். அது இல்லாமல் 1900லிருந்தே இரண்டும் போட்டியிட்டிருந்தால், ஐரோப்பாவின் எத்தனையோ சிறு ரயில்பாதைகளைப்போல் இதுவும் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கலாம்.

குடும்பமாகப் பனிமலைக்குப் போகும் வழக்கம் சாதாரண சுவிஸ் வீடுகளுக்குப் பரவியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு. நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, வகுப்பறைகளைச் சூடாக்க முடியாமல் குளிர்காலத்தின் நடுவே பள்ளிகளை மூடினார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? பனிச்சறுக்கு முகாம்களுக்கு அனுப்பினார்கள். சுவிஸ் பனிச்சறுக்குச் சங்கம் சிறுவர்களுக்கு இலவச முகாம் ஒன்றை 1941இல் கிராவ்புண்டனின் பொன்ட்ரெசினாவில் தொடங்கியது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். மலையில் விழும் நீரிலிருந்து வந்த மின்சாரத்தில் ஓடிய ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. போர் முடிந்தது, நிலக்கரி வந்தது, விடுமுறை மட்டும் நிலைத்துவிட்டது. எண்பதுகளில் சுவிட்சர்லாந்துக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகளும் பிப்ரவரியில் பள்ளி மூடும்போது அனுபவிப்பது அந்தப் பஞ்சகால ஏற்பாட்டைத்தான்.

அறுபதுகளில் காட்சி தலைகீழானது. நெடுஞ்சாலைகள் வந்தன, 1967இல் சான் பெர்னார்டினோ சாலைச் சுரங்கப்பாதை, 1980இல் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட். நாலு பேருக்கு நாலு டிக்கெட் எடுப்பதைவிட ஒரு டேங்க் பெட்ரோல் மலிவு. சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிவிட்டால் ஓட்டல் வாசல் வரை சுமக்க வேண்டியதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9 ஆகிய மூன்று ஞாயிறுகளில் நாடு முழுக்கக் கார் ஓட்டக் கூடாது என்றார்கள். ஆளில்லாத நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். நான்காவது ஞாயிறில் கார்கள் திரும்பிவிட்டன.

தடையால் முடியாததைக் கட்டணம் ஓரளவு சாதித்தது. எண்பதுகளில் காடுகள் பட்டுப்போகின்றன என்ற அச்சம் நாட்டையே ஆட்டியது. அந்தச் சூட்டில் 1987இல் ரயில்வே தன் அரைக்கட்டண அட்டையின் ஆண்டு விலையை 100 பிராங்காகக் குறைத்தது. சமையலறை மேசையில் போடும் கணக்கில் ரயில் மறுபடி இடம்பிடித்தது. பெற்றோரோடு போகும் பிள்ளைக்கு இன்று ஆண்டுக்கு 30 பிராங்க் கட்டினால் போதும். நெடுஞ்சாலையில் ஓடும் கார்களில் ஒட்ட வேண்டிய வில்லைக்கான 40 பிராங்கை 100 ஆக்கலாமா என்று 2013இல் கேட்டபோது வாக்காளர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஒரே கைதான் ரயிலையும் தாங்குகிறது, காரையும் விட மறுக்கிறது.

அந்த இழுபறிக்கு மலைநாடு கண்ட விடை, காரையே ரயிலில் ஏற்றுவது. பனிச்சரிவு அபாயம் மிகுந்த ஃபுளுவேலா கணவாயைக் குளிர்காலம் முழுக்கத் திறந்து வைக்கப் பாடுபடுவதைவிட மலையைக் குடைவது மேல் என்று முடிவெடுத்து, 1999 நவம்பரில் 19 கிலோமீட்டர் நீளமுள்ள வெரைனா சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். குளோஸ்டர்ஸ் பக்கம் கார்கள் வரிசையாக ரயில் மேடையில் ஏறும். குடும்பம் காருக்குள்ளேயே அமர்ந்திருக்க, பதினெட்டு நிமிடத்தில் எங்காடின். ஒரு காலத்தில் குதிரை செய்த வேலையைத்தான் இங்கே ரயில் செய்கிறது. பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் அந்த வரிசையில் காத்திருப்பவர்கள் அதை ரசிக்கும் மனநிலையில் இருப்பதில்லை.

ஜூரிக்கிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்குச் சாலை வழி சுமார் 200 கிலோமீட்டர். ரயிலில் கூரில் மாறி, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். யூலியர் கணவாயில் பனி கொட்டாத நாளில் கார் முந்தும். கொட்டும் நாளில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி முடிப்பதற்குள் ரயில் போய்ச் சேர்ந்திருக்கும். சுவிஸ் ரயில்வேயின் மாடி ரயில்களில் மேல்தளத்தில் சறுக்குமரத்தோடு பிள்ளைகளுக்கான பெட்டி ஒன்று உண்டு. பின் இருக்கையில் பெல்ட்டுக்குள் கட்டுண்ட பிள்ளையிடம் கேட்டால் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்பதில் சந்தேகமில்லை. பெர்குனுக்குப் போனால் இன்னும் நிச்சயமாகிவிடும். ஆல்புலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் கார்களுக்கு மூடப்படுகிறது. பிரேடாவிலிருந்து இறங்கும் ஆறு கிலோமீட்டர் சறுக்குவண்டிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. மாலையில் விளக்கும் உண்டு. கீழே வந்து சேர்ந்தவர்கள் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறி மறுபடி மேலே போகிறார்கள்.