0.097-லிருந்து 0.349 வரை: ஜாக்கி ராபின்சனின் மைனர் லீக் வருடம்

1947 ஏப்ரல் 15-ம் தேதி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் சுமார் 60 ஆண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடை அன்று உடைந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு முந்தைய வருடத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் எல்லாம் முடிவானது அந்த வருடத்தில்தான்!

முதலில் கல்லூரி. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கால்பந்து (அமெரிக்கப் பாணி), கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என நான்கு விளையாட்டுகளிலும் அணியில் இடம்பிடித்த முதல் மாணவர் ராபின்சன். இதில் அவர் மிக மோசமாக ஆடியது எது தெரியுமா? பேஸ்பால்தான். 1940-ல் அவருடைய பேட்டிங் சராசரி 0.097. அதாவது 1000 முறை மட்டை பிடித்தால் 97 முறைதான் பந்தை அடித்து பேஸை எட்டுவார் என்ற கணக்கு. 0.300 எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்.

பிறகு ராணுவம். அங்கே அதிகாரியாக இருந்தபோது, 1944-ல் பேருந்தின் பின் இருக்கைக்குப் போக மறுத்தார். ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்து விடுதலையானார். 1945-ல் கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீகில், கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடினார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்துப் பேசினார். திறமை மட்டும் அவருக்குப் போதவில்லை. எவ்வளவு அவமானப்படுத்தினாலும் திருப்பி அடிக்காமல் ஆடக்கூடிய ஒருவர் வேண்டும் என்றார். ராபின்சன் சம்மதித்தார். டாட்ஜர்ஸின் மைனர் லீக் அணியான மாண்ட்ரியல் ராயல்ஸில் சேர்ந்தார். மைனர் லீக் என்பது பெரிய அணிகளுக்கு ஆட்களைத் தயார் செய்யும் இடம்.

சோதனை ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1946-ல் புதுமனைவி ரேச்சலுடன் பயிற்சிக்காக ஃபுளோரிடா போகும் வழியில், இரண்டு முறை விமானத்தில் இடம் மறுக்கப்பட்டது. கடைசியில் பேருந்தின் பின் இருக்கையில் அமர்ந்து போனார்கள். சான்ஃபோர்டு ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் ஆட்டமே ரத்தானது. இதற்கு நடுவே கையில் வலி வேறு. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று நெடுந்தூரம் எறிய முடியாததால் இரண்டாவது பேஸுக்கு மாறினார்.

ஏப்ரல் 18-ல் ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டம். ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார். அதில் ஒன்று மூன்று ரன் தந்த ஹோம் ரன். இரண்டு பேஸ்களைத் திருடினார். மாண்ட்ரியல் 14-1 என்று வென்றது!

சீசன் முடிவில் அவருடைய சராசரி 0.349. லீகிலேயே அதுதான் முதலிடம். 113 ரன், 40 திருட்டு பேஸ்கள். வெளியே எதையும் காட்டாமல் உள்ளேயே அடக்கியதற்கு விலையும் இருந்தது. மன அழுத்தத்தால் தூக்கமும் பசியும் கெட்டு, சில நாள் ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொல்லும் நிலை வந்தது.

மைனர் லீக் இறுதித் தொடரில் லூயிவில் ரசிகர்கள் அவரைக் கடுமையாக ஏசினார்கள். அங்கே நடந்த மூன்று ஆட்டங்களில் இரண்டில் மாண்ட்ரியல் தோற்றது. தொடர் மாண்ட்ரியலுக்கு வந்ததும் கதை மாறியது. உள்ளூர் ரசிகர்கள் லூயிவில் வீரர்களை ஏசி ராபின்சனுக்காகப் பழி தீர்த்தார்கள். மாண்ட்ரியல் 4-2 என்று கோப்பையை வென்றது. மைதானத்திலிருந்து கிளம்பிய ராபின்சனைக் கூட்டம் துரத்தியது. அடிக்க அல்ல, அன்பினால்!

அந்த வருடம் அவர் சொதப்பியிருந்தால், 'கறுப்பினத்தவருக்கு இந்த ஆட்டம் வராது' என்று சொல்லப் பலர் காத்திருந்தார்கள். கல்லூரியில் 0.097 எடுத்தபோது தோற்றது ஒரு மாணவன் மட்டும்தான். 1946-ல் தோற்க அவருக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லை. 0.349 என்ற எண்ணை அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.