கேட்கப்படாத கேள்வி: மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையும் வலையமைப்புக் கண்காணிப்பின் வரலாறும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், யூதத் தெருவை மையமாகக் கொண்டு 1957-இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் பல பத்தாண்டுக் காலம் மிளகின் முன்பேர வணிகத்தைக் கூவல் முறையில் நடத்தியது. வணிகர்கள் ஒரே கூடத்தில் நின்று விலை கூவினர். அம்முறைக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. விலை மட்டுமன்றி, அதைக் கூவியவர் யார், எவ்வளவு அவசரத்தோடு கூவினார் என்பதும் கூடத்தில் நின்றோர்க்குத் தெரிந்தது. அங்கே கண்காணிப்புக் கருவி மனிதச் செவியே. 2003-ஆம் ஆண்டையொட்டித் தேசிய அளவிலான மின்னணுச் சரக்குப் பரிமாற்றகங்கள் இயங்கத் தொடங்கியபின் மிளகு வணிகமும் திரைக்கு இடம்பெயர்ந்தது. கூடத்தின் இடத்தைச் சர்வர்களும் தகவல் தொடர்பு இணைப்புகளும் பிடித்தன. அதன்பின் எழுந்த கேள்வி எளியதாகத் தோன்றும்: செவி இல்லாத சந்தையில் எதை, யார், எவ்வாறு கவனிப்பது?

இக்கேள்விக்குக் கணினித் துறை தந்த விடைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் மிகச் சிறிய ஒரு வினா. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிகணை ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், ‘பிங்’ என்னும் நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே அப்பெயருக்கு மூலம். ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்தை அளப்பதே அதன் வேலை. ‘உயிரோடிருக்கிறாயா?’ என்பதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை.

1988 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1067 என்னும் ஆவணம் வெளியாயிற்று. கேஸ், ஃபெடோர், ஷாஃப்ஸ்டால், டேவின் ஆகிய நால்வர் எழுதிய அவ்வாவணமே எஸ்.என்.எம்.பி. எனப்படும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறையை வரையறுத்தது. ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்திகள் மரவடிவில் அடுக்கப்பட்டன. ஒவ்வோர் இலைக்கும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஓர் எண்முகவரி அமைந்தது. எத்தனை எண்மங்கள் உள்ளே வந்தன, எத்தனை பிழைகள் நேர்ந்தன, கருவி எப்போது மறுதொடக்கம் கண்டது என்றெல்லாம் தொலைவிலிருந்தே கேட்க முடிந்தது. ஆயினும் எந்த இலைகள் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் தரநிர்ணயக் குழுவினரும் கருவி உற்பத்தியாளர்களுமே. மரத்தில் இல்லாத இலையைப் பற்றிக் கேட்க வழியில்லை.

எண்களைப் பெறுவது ஒன்று. அவற்றைச் சேமிப்பது வேறொன்று. டோபியாஸ் ஓட்டிகர் 1995-இல் உருவாக்கிய எம்.ஆர்.டி.ஜி., ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எண்களைப் பெற்று வரைபடமாக்கியது. சேமிப்புக் கோப்பு பெருகாதிருக்க அது ஓர் உத்தியைக் கையாண்டது. ஐந்து நிமிட அளவீடுகள் குறுகிய காலத்திற்கு மட்டும் நிற்கும். பின்னர் அவை அரைமணிச் சராசரியாகவும், இரண்டு மணிச் சராசரியாகவும், இறுதியில் நாட்சராசரியாகவும் சுருங்கும். பொறியாளர்க்கு இது சிக்கனம்; வரலாற்றாய்வாளர்க்கோ இழப்பு. பத்து நிமிடம் உச்சத்தைத் தொட்ட நெருக்கடி, ஓராண்டு கழித்துப் பார்க்கையில் அமைதியான நாளாகத் தெரியும்.

1999-இல் ஈத்தன் கால்ஸ்டட் வெளியிட்டு, பின்னர் நேகியோஸ் எனப் பெயர் பெற்ற மென்பொருள் மற்றொரு வாயிலைத் திறந்தது. எவரும் தம் சோதனை நிரலைத் தாமே எழுதி அதனுடன் இணைக்கலாம். அந்நிரல் நான்கு எண்களுள் ஒன்றைத் திருப்பித் தந்தால் போதும்: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 நெருக்கடி, 3 அறியப்படவில்லை. இந்நான்காவது விடையின் அருமை எளிதில் புலப்படாது. ‘கெட்டுவிட்டது’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் வெவ்வேறு நிலைகள் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இவ்வழியின் அடுத்த படியே வினவல் உணரி. சர்வர் பிங்குக்கு விடையளிக்கும், நினைவகம் போதிய அளவில் இருக்கும், இணைப்பில் பிழை இராது. ஆனாலும் இரவு முழுவதும் ஓர் ஆணைகூடப் பதிவாகாமல் போகலாம். இயந்திரம் நலம், வேலை நின்றுவிட்டது. இதை அறியும் இடம் தரவுத்தளம் மட்டுமே. ஆகவே கண்காணிப்பு மென்பொருளே ஒரு எஸ்.கியூ.எல். வினவலைத் தரவுத்தளத்திற்கு அனுப்பி, வரும் விடையை எல்லைமதிப்போடு ஒப்பிடுகிறது. 1997-இல் தொடங்கப்பெற்ற ஜெர்மானிய நிறுவனமான பெஸ்லரின் பி.ஆர்.டி.ஜி. மென்பொருளில் இதற்கான வினவல் தனிக் கோப்பாக எழுதப்பட்டு, ஆய்வுப் பணியைச் செய்யும் கணினியில் வைக்கப்படுகிறது. திரும்பி வந்த வரிசைகளின் எண்ணிக்கை, வினவலுக்கு ஆன நேரம், குறித்த ஒரு நிரலின் மதிப்பு ஆகியவை கண்காணிக்கப்படுகின்றன.

அமைப்பு எளிது, நுட்பம் வினாவின் சொற்களில் உள்ளது. ‘கடைசி ஆணை எப்போது பதிவாயிற்று?’ என்னும் வினவல் ‘இன்று எத்தனை ஆணைகள்?’ என்பதைவிட விரைவில் நிறுத்தத்தை உணர்த்தும். ஆனால் விடுமுறை நாளில் வீணாக அலறும். வெற்று மதிப்பைச் சுழியம் என்று கொண்டால், அட்டவணையே காலியாகிவிட்ட பேரிடரும் ‘நிலுவை எதுவுமில்லை’ என்னும் நற்செய்தியாக மாறிவிடும். உணரிக்கு வழங்கும் கணக்கு படிக்க மட்டுமே உரிமை பெற்றதாக இருத்தல் வேண்டும்; காவலுக்கு வைத்தவன் கையில் பெட்டகச் சாவியைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. நிமிடந்தோறும் பெரிய அட்டவணை முழுவதையும் துழாவும் வினவல், தான் காக்க வந்த தரவுத்தளத்தையே தளரச் செய்யும்.

எல்லைமதிப்பும் காலத்தால் பழையதாகும் என்பதற்குக் கொச்சியே சான்று. தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா ஆகியவற்றை இணைத்த சீ-மீ-வீ 3 கடலடிக் கம்பிவடமும், தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை செல்லும் சேஃப் கம்பிவடமும் இந்நகரில் கரையேறின. 2024 ஜனவரி 3 அன்று கொச்சி–இலட்சத்தீவுக் கடலடி ஒளியிழைத் தடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் தீவுகள் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி சென்று விடை திரும்ப அரை விநாடியை ஒட்டிய நேரம் ஆகும். இது இயற்பியலின் வரம்பு. ஒளியிழையிலோ நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியே போதும். செயற்கைக்கோள் காலத்து எல்லைமதிப்பைக் கம்பிவடக் காலத்திலும் மாற்றாது விட்டால், தடம் அறுந்து போக்குவரத்து மீண்டும் செயற்கைக்கோளுக்குத் திரும்பினாலும் உணரி பச்சை நிறத்திலேயே நிற்கும். தீவில் தொலைமருத்துவத்தையும் இணையவழிக் கல்வியையும் நம்பியிருப்போர் உணரும் தளர்ச்சியைக் கட்டுப்பாட்டறை உணராது.

இனி மிளகுக்குத் திரும்பலாம். 2012 டிசம்பரில், கனிம எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த புகார்களை அடுத்து, கொச்சியில் மின்னணுப் பரிமாற்றகத்தின் ஒப்புதல் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரையிட்டனர். அச்சரக்குக்கு உரிமையுடையோரின் முதல் முடங்கியது. செய்தி நீதிமன்றம் வரை சென்றது. எவ்வளவு சரக்கு, எந்தக் கிடங்கில், என்ன விலையில் என்னும் கேள்விகளுக்குத் திரை விநாடிப்பொழுதில் விடை தந்து கொண்டிருந்தது. எண்ணெய் பற்றிய உண்மை அத்திரையின் வழியே வெளிப்படவில்லை. புகார்களின் வழியாகவும் மாதிரிச் சோதனைகளின் வழியாகவும் வெளிப்பட்டது. அட்டவணையில் இல்லாத நிரலை எந்த வினவலாலும் எட்ட முடியாது. தனிப்பயன் வினவல், ஆயத்த உணரியைவிடப் பரந்தது என்பது உண்மையே. எனினும் தரவுத்தளத்தை வடிவமைத்தவர் எதைப் பதியத்தக்கது எனக் கருதினாரோ, அதுவே அதன் எல்லை.

இதிலிருந்து கூவல் முறை சிறந்தது என்னும் முடிவுக்கு வருவது பிழை. அக்கூடமும் பலவற்றைக் கேட்கத் தவறியிருக்கும். கூடத்திற்கு வெளியே நின்ற விவசாயிக்கு அங்கு குரலில்லை. திரை, விலையைத் தொலைவூர்களுக்கும் கொண்டு சென்றது. மாறியது கவனிப்பின் அளவன்று, அதன் உரிமை. முன்பு பலர் ஒருங்கே கேட்டனர். இன்று வினவலை எழுதுகிற ஒருவர், பிறர் எதைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறார்.

வணிக வரலாற்றை ஆராய்வோர் கணக்கேடுகளையும் கடிதங்களையும் பேணுகின்றனர். எண்ணிலக்கக் காலத்தின் நிறுவனங்களை நாளை ஆராயப் புகுவோர்க்கு அளவீடுகள் கிடைப்பினும், அவை சராசரிகளாகத் தேய்ந்திருக்கும். அவ்வளவீடுகளைக் கேட்டுப் பெற்ற வினவல் கோப்புகளோ சில வரிகளே கொண்டவை. பேணுவதற்கு இடமும் வேண்டா, செலவும் வேண்டா. ஒரு நிறுவனம் எதைக் கண்டு அஞ்சியது, எதை அறிய விரும்பியது, எதைக் கேட்கவே எண்ணவில்லை என்பன யாவும் அவ்வரிகளில் உள்ளன. மென்பொருளை மாற்றும் நாளில் முதலில் அழிக்கப்படுவனவும் அவையே. ஆவணக் காப்பகங்கள் அவற்றையும் ஆவணமாக ஏற்று, எழுதிய தேதியோடும் எல்லைமதிப்பு மாற்றங்களோடும் சேர்த்துப் பாதுகாக்கத் தொடங்குதல் நன்று.